பாதை ஓடும் ஊர்

‘தி பாத் ரன்ஸ் டில் சிக்ஸ்.’

கொப்பியில் இந்த வரியைக் கண்டதும் என் சிவப்புப் பேனை தானாகவே போய் ‘பாத்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்த கை. பிழையைக் கண்டால் யோசிக்க நிற்காது. கோடு இழுத்த பிறகுதான் வசனத்தை முழுதாக வாசித்தேன். வாசித்துவிட்டுப் பேனையை மூடி வைத்தேன்.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு பின்னேரம் அது. களுவாஞ்சிகுடியில் டியூசன் வகுப்பு. ‘நான் வகுப்புக்கு வரும் வழி’ என்று பத்து வசனம் எழுதச் சொல்லியிருந்தேன். இதை எழுதியவள் படுவான்கரைப் பிள்ளை, மண்டூர்ப் பக்கம். ஒன்பதாம் ஆண்டு.

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே வயல்களும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. சூரியன் படும் பக்கம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களையும் சைக்கிள், மோட்டர் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைக்கு எங்கள் ஊரில் பெயர் ‘பாதை’. மண்முனைப் பாதை, அம்பிளாந்துறைப் பாதை, குறுமண்வெளிப் பாதை என்றால் எல்லாம் தண்ணீரில் போகிறவை. மண்முனையில் 2014 இல் பாலம் வந்துவிட்டது. ஆனாலும் ‘பாதை’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு முதலில் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். துறைக்குப் போகிறவர்கள் எதிரே வருபவரிடம் கேட்பார்கள்: “பாதை ஓடுதா?”

அந்தப் பிள்ளை அதைத்தான் எழுதியிருந்தாள். ஆறு மணி வரைக்கும் பாதை ஓடும். ஒரு வெள்ளைக்காரருக்கு அந்த வசனத்தைக் காட்டினால், ஆறு மணி வரை நீண்டு கிடக்கும் ஒற்றையடிப் பாதையை நினைத்துக் குழம்பிப் போவார். ஏனென்றால் ஆங்கிலத்தில் நிலத்துப் பாதையும் ‘ரன்’ பண்ணும். ரோட்டு, மதில், வேலி, மலைத்தொடர் எல்லாமே அங்கே ஓடும். எங்களுக்கு ரோட்டு ‘போகும்’. “இந்த ரோட்டு எங்க போகுது?” என்று கேட்போம்; எங்க ஓடுது என்று கேட்கமாட்டோம். நின்ற இடத்தில் நிற்கிற ரோட்டை அவர்கள் ஓட விட்டிருக்கிறார்கள், நாங்கள் நடக்க விட்டிருக்கிறோம். ஆனால் தண்ணீரில் போகும் ஒன்றுக்குப் பாதை என்று பேர் வைத்து, அதை உண்மையாகவே ஓட வைத்தது எங்கள் ஊர்தான்.

“சேர், அதில என்ன பிழை? பாதை ஓடுறதுதானே?” என்று அவள் கேட்டாள்.

மறுமொழி உடனே வரவில்லை எனக்கு. ‘ரன்’ என்ற இந்த ஒரு சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

*

ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் முதல் பகுதி வெளிவந்தது 1884 இல். முழு அகராதியும் முடிந்தது 1928 இல். அப்போது அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சின்னச் சொல்லுக்கு. பிறகு மூன்றாம் பதிப்புக்காக எல்லாச் சொற்களையும் திருத்தியெழுதத் தொடங்கியபோது ‘ரன்’ அதை முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள். அதைத் தொகுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு அந்த ஒரு சொல்லுக்கே 9 மாதம் பிடித்தது. ஒரு பிள்ளை வயிற்றில் இருக்கும் காலம்.

எப்படி இவ்வளவு பெருகியது? தொடக்கத்தில் மனிதரும் மிருகமும் காலால் ஓடியதும், தண்ணீர் ஓடியதும்தான். பிறகு இயந்திரங்கள் வந்தன. கோச்சி ஓடியது, ஆலை ஓடியது, மோட்டர் ஓடியது, கடைசியில் கணினிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் ஓடத் தொடங்கியது. காலில்லாத எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லையே மாட்டிவிட்டார்கள். ஆலை ஓடினால் ஆலையை ‘ரன்’ பண்ணும் முதலாளியும் வருவார்தானே? கடை, பள்ளிக்கூடம், அரசாங்கம் என்று அது ஏறிக்கொண்டே போனது.

இந்த விபரமெல்லாம் நான் பிறகு தேடிப் படித்தவை. தேட வைத்தது வேறு ஒன்று.

*

2005 ஆம் ஆண்டு தொடக்கம். சுனாமி அடித்து இரண்டு மாதம் ஆகவில்லை. எனக்கு இருபத்தொரு வயது. ஏ.எல். முடித்திருந்தேன், ஆங்கிலம் கொஞ்சம் வரும். அந்த நாட்களில் ஆங்கிலம் கொஞ்சம் வரும் ஆட்களுக்கெல்லாம் வேலை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். கல்லடிப் பக்கம் ஒரு முகாம். தகரமும் தறப்பாளுமாகக் கொட்டில்கள். நடுவில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள், அவற்றின் அடியில் வரிசையாகப் பைப்புகள். பவுசர் வந்து தாங்கியை நிரப்பிவிட்டுப் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீருக்குப் பொறுப்பான அதிகாரி வந்து சனத்தைக் கூட்டினார். பக்கத்தில் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. அவர் வேகமாகக் கதைக்கும் ஆள். அன்று அவர் சொன்னதில் ஒரு வசனம் எனக்கு இன்றைக்கும் எழுத்தெழுத்தாக ஞாபகம் இருக்கிறது: ‘தி டாங்க்ஸ் வில் ரன் ட்ரை பை தேர்ஸ்டே.’

‘ட்ரை’ என்று என் காதில் விழுந்ததை நான் ‘முயற்சி’ என்று எடுத்தேன். அவர் சொன்ன ‘ட்ரை’ வேறு. ‘காய்ந்துபோன’ என்ற ட்ரை. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான். என் காதுக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. ‘ரன்’ என்றால் ஓடு. தாங்கியிலிருந்து தண்ணீர் ஓடும். வியாழக்கிழமைக்குள் ஓட வைக்க முயற்சி செய்கிறார்கள். இவ்வளவும் ஒரு கணத்தில் தலைக்குள் கோர்த்துக்கொண்டது, நான் சத்தமாகச் சொன்னேன்:

“வியாழக்கிழமைக்குள்ள தாங்கியெல்லாம் நல்லா ஓடுறத்துக்கு முயற்சி செய்யிறாங்களாம்.”

சனத்துக்குச் சந்தோசம். அது வரைக்கும் தண்ணீர் நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதிகாரி சொல்ல வந்தது இதுதான்: பவுசர் இரண்டு நாள் வராது, வியாழனுக்குள் தாங்கி காய்ந்துவிடும், இருக்கிற தண்ணீரைச் சேமியுங்கள். சேமிக்கச் சொன்ன கடைசி வசனத்தை ‘தண்ணீரை வீணாக்க வேண்டாம்’ என்று பொதுவான புத்திமதியாக நான் சொல்லி முடித்தேன். யார் அதைக் கணக்கெடுப்பார்கள்? வியாழக்கிழமை தண்ணீர் ஓடப்போகிறது என்று அந்தப் புதன்கிழமை பெண்கள் உடுப்புத் தோய்த்தார்கள், பிள்ளைகளைத் தலைமுழுக வார்த்தார்கள்.

வியாழன் காலை நான் போனபோது பைப்புகளுக்கு முன்னால் மணலில் குடங்களும் பெயின்ற் வாளிகளும் நீளத்துக்கு வரிசையாக நின்றன. முதல் ஆளாக ஓர் ஆச்சி. பைப்பைத் திருகினார். உள்ளே காற்று இரைந்தது. உள்ளங்கையைக் கீழே பிடித்தார். இரண்டு துளி விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓடும் எண்டு சொன்னியே மனே. ஓடல்லியே.”

ஏசவில்லை. கேட்டார், அவ்வளவுதான். மற்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. கடல் அவ்வளவையும் கொண்டுபோன பிறகு ஒரு நாள் தண்ணீர் வராததற்கு யாரோடு சண்டை பிடிப்பது என்று நினைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பவுசர் வந்தது. அது வரைக்கும் பக்கத்து வீடுகளின் கிணறுகளுக்குப் போனார்கள். அந்தக் கிணறுகளுக்குள்ளும் கடல் புகுந்து உப்பாகிக் கிடந்தது.

இதை நான் பல வருடம் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கிழமை டவுனுக்குப் போய் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் ‘ரன்’ என்று எழுதினேன். கேட்கிற, வாசிக்கிற ஒவ்வொரு ‘ரன்’னையும் வசனத்தோடு எழுதி, பக்கத்திலேயே எங்கள் ஊரில் அதை எப்படிச் சொல்வோம் என்று எழுதத் தொடங்கினேன். சொல்லைத் தனியே எழுதுவதில்லை, எப்போதும் வசனத்தோடுதான். அந்தக் கொப்பி முடிந்து இரண்டாவதும் முடிந்துவிட்டது.

*

கொப்பியில் கொஞ்சத் தூரம் போனபிறகுதான் ஒன்று விளங்கியது. ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று எனக்குச் சொல்லித் தந்தது பிழையில்லை. அந்த ‘ஓடு’வைக் காலால் ஓடுவதோடு நிறுத்தியதுதான் பிழை. எங்கள் ‘ஓடு’வும் லேசுப்பட்ட சொல்லில்லை.

பஸ் ஓடுகிறது. கோச்சி ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. மணிக்கூடு ஓடுகிறது. காலம் ஓடிப்போய்விட்டது. ஒருவரின் பிடிவாதம் அவர்கள் குடும்பத்து ரத்தத்தில் ஓடுகிறது. தடிமன் வந்தால் மூக்கால் ஓடுகிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போடலாம், ஒன்றும் உடையாது. பழுதான சாப்பாட்டால் வருகிற வயிற்றோட்டத்துக்குக்கூட அவர்களின் பேச்சு வழக்கில் ‘தி ரன்ஸ்’ என்று ஒரு பேர் இருக்கிறது. இரண்டு மொழியும் எங்கேயோ தூரத்தில் இருந்துகொண்டு ஒரே வருத்தத்துக்கு ஒரே மாதிரிப் பேர் வைத்திருக்கின்றன.

இன்னொன்று, இது இலங்கைத் தமிழருக்கு மட்டும் கிடைத்தது. தமிழ்நாட்டில் காரை ‘ஓட்டுவார்கள்’. நாங்கள் கார் ‘ஓடுவோம்’. “அவர் பஸ் ஓடுறவர்”, “நான் ஏழு வயசில சைக்கிள் ஓடப் பழகினன்.” இலக்கணம் படித்தவர் வந்து, ஓடுவது தன்வினை, ஓட்டுவதுதான் பிறவினை என்று திருத்தப் பார்ப்பார். ஆனால் ‘ரன்’ செய்வதும் இதையேதான். பஸ்ஸும் ‘ரன்’ பண்ணும், பஸ்காரரும் பஸ்ஸை ‘ரன்’ பண்ணுவார். சொல்லின் உடம்பு மாறாது. எங்கள் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகப் படிப்பிக்கவே தேவையில்லை. வீட்டில் அப்பா மோட்டர் சைக்கிள் ஓடுவதைச் சொல்கிற அதே வாயால் அவர்களுக்கு அது வந்துவிடும். நாங்கள்தான் ‘அது கொச்சை’ என்று அடக்கிவிட்டு, பிறகு அதே வசதியை ஆங்கிலத்தில் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு இதில் உண்மையான ஆத்திரம் இருக்கிறது.

பிரியும் இடங்களும் உண்டு. அங்கேதான் பிள்ளைகள் விழுவார்கள்.

இன்னொரு மாணவன் ஒருமுறை எழுதினான், ‘மை ஃபாதர் வோக்ஸ் எ ஸ்மோல் ஷொப்.’ அப்பா ஒரு சின்னக் கடையை நடக்கிறார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்துபோனது. நான் அவனை எழுப்பிக் கேட்டேன், ஏன் அப்படி எழுதினாய் என்று. “கடை நடத்துறார்தானே சேர். நட எண்டா வோக்.”

அவன் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது? தமிழில் கடை நடக்கும். பள்ளிக்கூடம் நடக்கும், கல்யாணம் நடக்கும், கூட்டம் நடக்கும், கோயில் திருவிழா நடக்கும். உலகத்தில் என்ன நடக்குது என்று கேட்போம். ஆங்கிலேயர் ஓடுகிற இடத்தில் நாங்கள் நடக்கிறோம். அவர்களுக்கு ஒரு கடையைக் கொண்டுபோவது ஓட்டம், எங்களுக்கு நடை. அன்று வகுப்பு முழுவதையும் இதிலேயே போக்கினேன். சிரித்த பிள்ளைகள் தங்கள் பங்குக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். அவன் முகம் பழையபடி ஆனது.

தமிழில் கடையை ‘ஓட்டவும்’ செய்யலாம், ஆனால் அதன் ருசி வேறு. “கடை நடத்துறார்” என்றால் மரியாதையாக, ஒழுங்காக நடக்கும் கடை. “கடையை ஓட்டுறார்” என்றால் எப்படியோ தள்ளிக்கொண்டு போகிறார். சந்தையில் காணும் தெரிந்தவரிடம் “எப்பிடிகா சீவியம்?” என்று கேட்டால் “ஏதோ ஓடுது” என்பார். அந்த ‘ஓடுது’க்குள் இருக்கும் களைப்பு ‘ரன்’னில் இல்லை. அதைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்களிடம் போக வேண்டும்.

ஆனால் இதற்கு மாறான சாட்சியும் என் கொப்பியில் இருக்கிறது. வ.உ.சிதம்பரனாரைக் கப்பலோட்டிய தமிழன் என்கிறோம். அவர் சுக்கானைப் பிடித்துக் கப்பல் விட்டவர் இல்லை. 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் சேவை நடத்தியவர். அந்த ‘ஓட்டிய’ என்பது அச்சொட்டாக ஆங்கிலத்தின் ‘ரன்’தான். அதில் தள்ளாட்டம் எதுவும் இல்லை, கம்பீரம் மட்டும்தான்.

தேர்தலுக்கு வந்தால் மூன்று பேரும் மூன்று திசை. அமெரிக்கர் தேர்தலில் ‘ரன்’ பண்ணுவார், ஓடுவார். பிரித்தானியர் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார், நிற்பார். எங்கள் ஊரில் “இந்த முறை அவர் எலக்சன் கேக்கிறார்” என்போம். ஒருவர் ஓட, ஒருவர் நிற்க, எங்களவர் கேட்கிறார். மூன்றில் எங்களுடையதுதான் எனக்குப் பிடிக்கும். வேட்பாளர் செய்வது கேட்பதுதானே.

காய்ச்சல் அவர்களுக்கு ‘ரன்’ பண்ணும், எங்களுக்குக் காயும். “பிள்ளைக்கு ராவெல்லாம் காய்ச்சல் காஞ்சது.” மருதமுனைச் சாரம் வாங்கித் தோய்க்கும்போது சாயம் அவர்களுக்கு ஓடும், எங்களுக்குப் போகும். (மருதமுனைக்காரர்கள் கோபிக்கக்கூடாது, நல்ல தறிச் சாரத்தில் சாயம் போகாது என்று எனக்குத் தெரியும்.) சீனி முடிந்தால் அவர்கள் சீனியை விட்டு வெளியே ஓடிவிடுவார்கள், எங்களுக்குச் சீனி முடிஞ்சுபோகும், அவ்வளவுதான்.

இன்னொரு பழைய உறவும் கண்டேன். ‘ரன்’னுக்கு முன்னொரு காலத்தில் பால் திரள்வது என்ற பொருளும் இருந்திருக்கிறது. பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரட்டப் போடும் ‘ரெனெட்’ என்ற பொருளின் பேர் அந்த வேரிலிருந்து வந்ததுதான். எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதை வாசித்தபோது வீட்டில் சட்டிக்கு உறை ஊற்றுவதுதான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயரின் பால் ஓடி ஒன்றுசேர்கிறது. எங்கள் பால் அசையாமல் இருந்து உறைகிறது.

*

கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ‘ரன்’ என்ற சொல்லை முதன்முதல் கேட்பது அங்கேதான்.

1996 மார்ச் 17. லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மப்பா வீட்டில் பற்றரியில் ஓடும் ஒரு சின்ன ட்ரான்சிஸ்ற்றர். அவுஸ்திரேலியா 241 ஓட்டம். இலங்கை 3 விக்கெட்டை மட்டும் இழந்து 245. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. தமிழ்ச் செய்தியில் ‘இலங்கை அணி துடுப்பெடுத்தாடி’ என்று வாசித்தார்கள். அம்மப்பா வாவியில் மீன் பிடித்தவர், தோணி வலித்துக் காய்ச்சுப்போன கை. துடுப்பு என்றதும் தலையை நிமிர்த்தினார்.

“துடுப்பெடுத்து எங்க மனே போறாங்க?”

தமிழ்நாட்டில் ‘ரன்’ என்பார்கள், மட்டை என்பார்கள். இலங்கைத் தமிழில் மட்டை துடுப்பாகிவிட்டது, ‘ரன்’ ஓட்டமாகிவிட்டது. இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்கும் வாவிக்கரை மனிதருக்கு அது தோணிக் கதையாகவே கேட்கும். துடுப்பு எடுத்தால் ஓட்டம் வரும், அதில் என்ன புதினம்? அவருக்கு நான் விளையாட்டை விளங்கப்படுத்த, அவர் எனக்கு மாரியில் முகத்துவாரம் வெட்டினால் வாவி எந்தப் பக்கமாக இழுக்கும் என்று விளங்கப்படுத்தினார். மண்திட்டு மூடிக் கிடக்கும்போது வாவி தூங்கும். மழை கூடி வெள்ளம் ஏறினால் திட்டை வெட்டுவார்கள், தண்ணீர் கடலுக்கு ஓடும். அதற்குப் பிறகு சனம் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி: “வெள்ளம் ஓடிட்டா?”

இந்த ‘ஓடிட்டா’வை நான் வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். பைப்பில் தண்ணீர் ஓடும் என்றால் வரும். வெள்ளம் ஓடிட்டு என்றால் போய்விட்டது, வடிந்துவிட்டது. ஒரே சொல், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு செய்தி. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஆங்கிலத்தில் தவறவிட்டது இதே முடிச்சைத்தான். தாங்கி ஓடும் என்று சொன்னேன். தாங்கியில் உள்ளது ஓடிவிடும் என்று சொல்லியிருந்தால் ஆச்சிக்குச் சரியாக விளங்கியிருக்கும். ஓர் எழுத்து, இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். கையில் இருந்த தமிழைப் பாவிக்காமல் விட்டது என் பிழை.

*

‘ரன்’ எட்டாத ஓர் ‘ஓடு’வும் எங்களிடம் இருக்கிறது.

இங்கே வயதானவர்களிடம் கதை கேட்டால் வருடங்களை ஓட்டங்களால் எண்ணுவார்கள். தொண்ணூறில ஓடினது. சுனாமிக்கு ஓடினது. 2007 இல படுவான்கரையால ஓடினது. ‘ஓடினது’ என்றால் போதும். யாரிடமிருந்து, எதை விட்டு, எத்தனை பேர் குறைந்து என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. அலுவலகப் படிவங்களில் அதற்கு ‘இடம்பெயர்ந்தோர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. முகாமில் ஒருவரும் தங்களை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. “நாங்க ஓடி வந்தாக்கள்” என்பார்கள்.

அதை நான் ஆங்கிலத்தில் ‘வி ரான் த்ரீ டைம்ஸ்’ என்று சொன்னால் கேட்பவர் மைதானத்தை மூன்று முறை சுற்றியதாக நினைப்பார். வேறு சொல் போட்டேன், தப்பி ஓடுதல் என்ற பொருளில் வரும் ‘ஃப்ளெட்’. பொருள் சரி. ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் கரையோரம் முழுவதும் கேட்ட சொல் அதற்குள் இல்லை. அம்பாறைக் கரையில்தான் இலங்கையிலேயே அதிகமான உயிர்கள் போயின. கல்முனை, மருதமுனை, காரைதீவு என்று அந்தக் கரை நெடுக, எங்கள் கல்லடி, நாவலடி வரைக்கும் தமிழரும் முஸ்லிம்களும் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தியது ஒரே சொல்தான். இரண்டு எழுத்து. ‘ஓடு.’ மொழிபெயர்ப்பாளனாக நான் எத்தனையோ கதைகளை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த இடம் வரும்போது மட்டும் தமிழிலேயே விட்டுவிட்டு, பிறகு பொருள் சொல்வேன்.

இதே வேரிலிருந்துதான் ‘கண்ணோட்டம்’ வந்தது என்பது எனக்கு ஒரு பெரிய ஆறுதல். இன்று அதை ‘பார்க்கும் கோணம்’ என்ற பொருளில் கட்டுரைகளில் பாவிக்கிறோம். திருக்குறளின் 58 ஆம் அதிகாரத்துக்கு அதுதான் பேர், அங்கே அதன் பொருள் இரக்கம். பழகியவரின் மேல் கண் ஓடுவது. கண் ஓடிப்போய் இன்னொருவரில் தங்குவது. ஆங்கிலத்திலும் கண் ஒரு பக்கத்தின் மேல் ‘ரன்’ பண்ணும், அவசரமாக ஒரு பார்வை பார்க்க. அது இரக்கமாக ஆகவில்லை.

*

களுவாஞ்சிகுடிக்குத் திரும்பி வருகிறேன். அன்று நான் திருத்துவதை நிறுத்திவிட்டு, கரும்பலகையின் நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் ‘ஓடு’, மற்றப் பக்கம் ‘ரன்’ என்று எழுதினேன். எங்கள் பக்கத்தை முதலில் நிரப்பச் சொன்னேன். தயக்கம் ஐந்து நிமிடம்தான். “மூளை ஓடல்ல” என்றான் ஒருவன், மறுமொழி தெரியாதபோது சொல்வது. “கூரையில இருக்கிறதும் ஓடுதானே சேர்?” என்றான் இன்னொருவன். முட்டை ஓடும் வந்தது, மண்டை ஓடும் வந்தது. அவை வேறு சொற்கள், சட்டை மட்டும் ஒன்று என்று தனியே ஒரு மூலையில் எழுதிவைத்தேன். “ஓடு மீன் ஓட, உறு மீன் வரும் வரைக்கும் வாடி நிக்குமாம் கொக்கு” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பழமொழி வந்தது. வாவிக்கரைப் பிள்ளைகள், கொக்கு நிற்பதைத் தினமும் பார்க்கிறவர்கள். எங்கள் பக்கத்தில் இருபத்தாறு வந்த பிறகுதான் மற்றப் பக்கத்துக்குப் போனோம். எது எது கோட்டைத் தாண்டிப் போகும், எது இந்தக் கரையிலேயே நிற்கும் என்று அவர்களே பிரித்தார்கள். நான் பெரும்பாலும் சோக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பிள்ளை மட்டும் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்குத் தன்னுடைய வசனத்தின் முடிவு வேண்டும்.

“அப்ப இது சரியா பிழையா சேர்?”

“பாதை எண்டு நாம சொல்றதுக்கு அவங்கட சொல்லு ‘ஃபெரி’. பாத்தை எடுத்துப்போட்டு அதைப் போடு. மற்றதெல்லாம் சரி.”

“ரன்?”

“ரன்னில கை வைக்காத. அது சரியாத்தான் இருக்கு.”

சிவப்புக் கோட்டின் மேலே அழகாக ‘ஃபெரி’ என்று எழுதினாள். எழுதி முடித்ததும் சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தாள். கொப்பியைப் பைக்குள் திணித்தாள்.

“சேர், நான் வாறன். கடைசிப் பாதை ஓடிரும்.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுமண்வெளித் துறைப் பக்கம் ஓடினாள்.